பாடு என்னும் ஒரு சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நலிந்த பொருளாதாரம் எளிய மக்களின் அன்றாட வாழ்வை எவ்வாறு தாக்குகிறது என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். நான் பொருளியல் பயின்றவள் அல்லள். தமிழ் பயின்று, தமிழைக் கற்பித்து, அதனால் ஊதியம் பெற்று வாழ்கிறவள். நெய்தல் திணைப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றேன் என்பது உண்மைதான். ஆனால் நெய்தல் நிலத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அந்த ஆய்வேட்டின் எந்த இயலிலும் நான் கேட்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பிக்கொள்ளவே இவ்வுரைக்கு இசைந்தேன். புள்ளிவிவரங்களின் வழியாக அன்றி, ஓர் ஊரின் வழியாகவும் ஒரு சொல்லின் வழியாகவும் பேச முயல்கிறேன்.

ஊர், சுண்ணாம்புக்குளம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் மேற்குப் புறத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள சிற்றூர். என் தாய்வழிப் பாட்டியின் ஊர். எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், ஆயா ஊர். ஆரம்பாக்கத்தில் இறங்கிச் செல்லும் சாலையில் உப்புக் காற்று முகத்தில் படத் தொடங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று அறிந்துகொள்வோம்.

ஏரி என்று சொன்னாலும் அது நம் ஊர்ப் பாசன ஏரி போன்றதன்று. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்க் காயல் அது. இந்தியாவில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. இத்தனை பரந்த நீரில் பல இடங்களில் ஒருவர் நடந்தே செல்லலாம் என்று சொன்னால், பார்க்காதவர்கள் நம்புவதில்லை.

இந்த ஏரியை ஏழைகளின் ஏரி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வந்திறங்கி, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்திற்கே அதனைத் தலைமையிடமாக வைத்திருந்தனர். இங்கிருந்து சென்ற துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளின் சந்தைகளில் விலைபோயின. 'பழையகாட்டுக் கைலி' என்று நம் பாட்டனார்கள் உடுத்திய துணி இவ்வூர்ப் பெயரைச் சுமந்தது. தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறிற்று. ஏற்றுமதிச் சந்தை ஓர் ஊரை ஆளாக்குவதும், பின்னர் விட்டுவிட்டுப் போவதும் இங்கே புதிய செய்தி அல்ல.

சுண்ணாம்புக்குளத்தின் பெயரிலேயே ஒரு தொழில் இருக்கிறது. ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் கிளிஞ்சல்களை எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் ஒன்று உண்டு. கிளிஞ்சலும் விறகும் உப்பும் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குப் போயின. சிமெண்டு வந்தது, சுண்ணாம்பின் தேவை சுருங்கிற்று. லாரி வந்தது, கால்வாயும் தூர்ந்தது. அந்தக் கால்வாயின் சென்னை நகர்ப் பகுதியே 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது என்பதையும் இடையே நினைவூட்டுகிறேன். பஞ்சம் வெட்டிய கால்வாயில்தான் மாளிகைகளின் சுண்ணாம்பு மிதந்து போயிற்று.

இனி, சொல்லுக்கு வருகிறேன். அது 'பாடு' என்பது.

ஏரிக்கரையில் இருவர் எதிர்ப்பட்டால் "இன்னா பாடு?" என்றுதான் கேட்டுக்கொள்வர். வலையில் என்ன கிடைத்தது என்பது பொருள். மீன்பாடு என்றால் மீன் கிடைத்த அளவு. அதே சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருளுண்டு. 'படாத பாடு பட்டேன்' என்கிறோம். மூன்றாவதாக இந்த ஏரிக்கே உரிய ஒரு பொருளும் இருக்கிறது. பழவேற்காட்டை ஒட்டிய சில குப்பங்களில், ஏரியில் மீன் மிகுதியாக விழும் இடங்களை எவரும் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முடியாது. தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று இவனுக்கு இந்த இடம், நாளை அவனுக்கு என்று மாற்றிக்கொள்கின்றனர். அந்த முறைக்கும் பெயர் பாடுதான். நல்ல இடமும் கெட்ட இடமும் சுற்றி வருவதால் ஒருவன் ஒரேயடியாகக் கொழுப்பதும் இல்லை. ஒருவன் ஒரேயடியாகச் சாவதும் இல்லை. அறிஞர்கள் பலர் வந்து ஆராய்ந்து பாராட்டிச் சென்ற ஏற்பாடு இது. ஆனால் இதனையும் மிகையாகப் புகழ வேண்டா. இந்த முறைக்குள் எல்லாருக்கும் இடமில்லை. வலையின்றி, நீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் மக்களுக்கு எந்தச் சீட்டும் விழுந்ததில்லை. வருவாய் குறையும் காலத்தில், உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் இடையில்தான் முதல் சண்டை மூள்கிறது.

கிடைத்ததும் பாடு, பட்டதும் பாடு, பகிர்ந்ததும் பாடு. அகராதியில் இவை தனித்தனி வரிகளில் நிற்கின்றன. ஏரிக்கரையில் ஒரே மூச்சில் வருகின்றன.

நாட்டின் பொருள்நிலை இந்தப் பாட்டுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை நான் முதன்முதலில் கண்டது 1991ஆம் ஆண்டில். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த ஆண்டில் நம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வாரங்களுக்கே போதும் என்னும் நிலைக்கு இறங்கிற்று. சூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டிற்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் சப்பான் வங்கியிடமும் ஈடு வைத்துக் கடன் பெற்றது. அதே மாதம் 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு இருமுறையாக ஏறத்தாழ 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. இவையெல்லாம் பின்னாளில் படித்து அறிந்தவை. அன்று நான் அறிந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் "நாட்டின் தங்கத்தையே அடகு வைத்துவிட்டார்கள்" என்று வருத்தத்தோடு சொன்னார். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இதனை ஆயாவிடம் பெரிய செய்தியாகச் சொன்னேன். ஆயா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "வட்டி எவ்ளோவாம்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆயாவுக்கு மட்டும் தெரியும், கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்று. அவருடைய கழுத்தில் அன்று மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. தாலியின் குண்டுகள் கும்மிடிப்பூண்டியில் ஓர் அடகுக் கடையில் இருந்தன. அவை திரும்பவேயில்லை. 'நகை மூழ்கிவிட்டது' என்று நாம் எல்லா ஊர்களிலும் சொல்கிறோம். நீரில் பிழைப்பவர்களின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கும்போது அதன் கனம் வேறாக இருக்கிறது. கவிஞர்கள் எவரும் கண்டுபிடித்த உருவகமன்று அது. வட்டி கட்டத் தவறிய ஒருவர் கண்டுபிடித்தது.

நாட்டிற்கு டாலர் வேண்டியிருந்தது. டாலர் தரும் பொருள்களில் ஒன்று இறால். ரூபாயின் மதிப்பு இறங்கியதால் ஏற்றுமதி செய்பவர்க்கு ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய் கிடைத்தது. தஞ்சை, நாகை முதல் நெல்லூர் வரை கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. ஏரியில் பிடித்த இறாலுக்கும் அதுவரை காணாத விலை வந்தது. வியாபாரிகள் முன்பணம் கொடுத்தனர். முன்பணம் வாங்கியவன் தன் பாட்டை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். கையில் காசு புழங்கிற்று, உண்மை. ஓட்டு வீடுகள் எழும்பின. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஆயா வீட்டுக் குழம்பிலிருந்து இறால் மறைந்தது. முன்பெல்லாம் கத்திரிக்காயோடு இறால் போட்டு வைப்பார். அதன் பின்னர், "அது காசு கண்ணு, அத்தப் போய்த் துன்றதா" என்று பனிக்கட்டிப் பெட்டிக்கே அனுப்பிவிட்டார். நாட்டின் பற்றாக்குறை ஒரு வீட்டின் சட்டிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன்; அன்று எனக்கு அது புரியவில்லை, அவ்வளவே.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பலவும் அழிந்தன. விளைநிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எசு. செகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. சில்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் சுட்டிச் சொல்லி, அவற்றைச் சுற்றி 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று அத்தீர்ப்பு விலக்கியது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து நிலைமையை வேறு திசைக்குத் திருப்பியது. அந்த நெடுங்கதையை இங்கே விரிக்கவில்லை. எதிர்த்தவர்களும் ஏழைகள், பண்ணையில் கூலிக்குப் போனவர்களும் ஏழைகள் என்பதை மட்டும் சொல்லிக் கடக்கிறேன்.

அவையோரே, நம் வட்டத்திற்குப் பத்து வயது நிறைகிறது. இந்தப் பத்தாண்டுகளை நாம் கவியரங்குகளால் எண்ணுகிறோம். சுண்ணாம்புக்குளத்தில் வேறு வகையாக எண்ணுவர்.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அவையே. மீன் வணிகம் முழுவதும் கைப்பணத்தில் நடப்பது. விடியலில் கரையில் ஏலம், கையில் பணம், அதிலேயே வலைக்கும் கூலிக்கும் பங்கு, மீதியில் அரிசி, எண்ணெய். மறுநாள் காலையில் ஏலம் கூற ஆளிருந்தது, எடுக்க ஆளில்லை. எடுக்க வந்தவரிடமும் பழைய தாளே இருந்தது. பின்னர் வந்த 2,000 ரூபாய்த் தாளுக்கு, கூடை சுமந்து அறுபது ரூபாய்க்கு மடவை விற்கும் பெண் எங்கே சில்லறைக்குப் போவாள்? மீன் நாளைக்கு நிற்கும் பண்டமன்று. அகநானூற்றில் உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெறுவர் என்று நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அந்தப் பண்டமாற்றை, கூடைக்கு இரண்டு படி அரிசி என்று, 21ஆம் நூற்றாண்டில் ஆரம்பாக்கம் சாலையோரத்தில் நேரில் கண்டேன். ஆய்வாளர் என்ற முறையில் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ முடியவில்லை.

அந்த நாள்களில் அடிபட்ட வேறொன்றைப் பற்றி நம் கவிஞர்கள் எழுதவில்லை. அது சிறுவாடு. அதுவும் 'சிறுபாடு' என்னும் சொல்லின் திரிபே. பாட்டிலிருந்து பெண் கிள்ளி எடுத்து வைக்கும் சிறு பகுதி. அரிசிப் பானைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், பழைய புடவை மடிப்பில் இருப்பது. கணவனுக்குத் தெரியாமல் சேர்ப்பது. மகளின் சடங்குக்கோ, மருத்துவமனைக்கோ, குடித்துவிட்டு அவன் வெறுங்கையோடு வரும் நாளுக்கோ. சில்லறையாக வைத்தால் இடம் அடைக்கும் என்று அவர்கள் அதனை 500 ரூபாய்த் தாளாக மாற்றி வைத்திருந்தனர். இப்போது வங்கிக்குப் போக வேண்டும். கணக்கு அவன் பெயரில். அப்படியே எடுத்து அவன் கையில் கொடுக்கும்படி ஆயிற்று. "பணம் போவல ஆசிரியரம்மா, பணம் இருக்கறது தெரிஞ்சி போச்சி" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இருபது ஆண்டுகள் காத்த ஒரு பெண்ணின் மறைவிடம் ஒரே இரவில் திறந்துகொண்டது. எந்தப் பொருளியல் அறிக்கையிலும் இதற்கு ஒரு கட்டம் போட்டு எண் எழுத மாட்டார்கள்.

இது நடந்து முப்பத்துநான்காம் நாள், திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. படகும் வலையும் போயின. புது வலை வாங்க வங்கியில் பணம் எடுக்க வரிசை. வரிசையில் நின்றால் அன்றைய பாடு இல்லை. புயலை எல்லாரும் பார்த்தோம். இரண்டும் சேர்ந்து வந்ததால் என்ன ஆயிற்று என்பதை, முன்பணத்தை இரட்டித்துக் கொடுத்த வியாபாரியின் குறிப்பேடு ஒன்றுதான் அறியும்.

2020 மார்ச்சு 25 முதல் நாடடங்கு. கடல் மீன்பிடிப்புக்கு விலக்கு ஏப்பிரல் 10இல் வந்தது. ஐந்தே நாளில் விசைப்படகுகளுக்கான ஆண்டுத் தடைக்காலம் தொடங்கிற்று. வழக்கமாக 61 நாள் கொண்ட அந்தத் தடையை அவ்வாண்டு 47 நாளாகக் குறைத்தனர். ஏரியில் தோணி விடத் தடை இல்லாத நாளிலும் மீனை வாங்கிச் செல்லச் சந்தை இல்லை. அவ்வாண்டு ஏப்பிரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது என்று பின்னர் அரசே அறிவித்தது. சுருங்கிய அந்தப் பகுதிக்குள் என் மாணவி ஒருத்தியும் இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொல்லி வந்தேன்.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய ஒரு குப்பத்துப் பெண். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நோய்ப் பேச்சு நம்மை எட்டுவதற்கு முன், சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அண்டை அயலார் கண்டால் பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் காட்சியை நத்தத்தனார் காட்டும் இடம். வறுமையைவிட வறுமை தெரிந்துவிடுவது கொடிது என்று விளக்கம் சொன்னேன். வகுப்பு முடிந்து அவள் என்னோடு நடந்து வந்தாள்.

"அம்மா, எங்க ஆயா கதவ மூடாது. மூடனா தெரிஞ்சிடும் இல்ல? மீன் கெடைக்காத அன்னிக்கி ஒரு துண்டு கருவாட்ட நெருப்புல போட்டுடும். வாசன தெருவுக்குப் போவும். கொழம்புல ஒண்ணும் இருக்காது."

இருபது ஆண்டுகளாக நான் அந்தப் பாட்டுக்குச் சொல்லிவரும் உரை அன்று சிறுத்துப்போயிற்று. மீனவர் தெருவில் மீன் மணம் வராத வீடு தானே காட்டிக்கொடுத்துக்கொள்ளும். அதனால் மணத்தை மட்டும் சமைக்கிறார் அந்த முதியவர்.

இதனைக் கேட்ட பிறகு எனக்கொரு எண்ணம் தோன்றிற்று. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் பாடியபோது, சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருந்ததைச் சொன்னார். புறநானூற்றின் அந்த அடுப்பை நாம் இன்றும் நம் கவிதைகளில் எரியாமல் வைத்திருக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அடுப்பு எரிகிறது. காளான் பூக்கவில்லை. இதனைக் குறைத்துச் சொல்வது நன்றி கொன்றதாகும். இன்றைய முடை, சோற்றுக்கு மேலே இருக்கிறது. உப்பில்லாக் கீரையின் பக்கத்தில் இருக்கிறது. சோறு உண்டு, தொட்டுக்கொள்ள இல்லை. பள்ளி உண்டு, பேருந்துக்குப் பின் நடக்கச் செருப்பில்லை. கைப்பேசி உண்டு, அதில் போட்டுக்கொள்ளப் பணமில்லை. ஆகவே எரியாத அடுப்பைப் பாடும் கவிஞர் இன்றைய ஏழையைப் பாடவில்லை, சாத்தனாரைப் பாடுகிறார். நத்தத்தனாரின் கதவுதான் இன்னும் சாத்தியோ, கருவாட்டு மணத்தால் மறைந்தோ இருக்கிறது.

நாடடங்கில் கல்லூரி மூடிற்று. இணையவழி வகுப்பு தொடங்கிற்று. அந்தப் பெண் சில நாள் வந்தாள், பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நான் தொடர்ந்து 'வரவில்லை' எனக் குறித்தேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அதற்குக் காரணம் எதுவும் சொல்ல விரும்பவில்லை; தொலைபேசியில் ஒருமுறை அழைத்தேன், அணைந்திருந்தது, விட்டுவிட்டேன். அந்த வீட்டில் நடந்தது எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரியவந்தது. தாய் வாரக்குழுவில் கடன் வாங்கியிருந்தார். தவணைகளை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனால் ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடிற்று. குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே வசூலுக்கு நிறுவனத்தார் வந்து நிற்க வேண்டியதே இல்லை. அடுத்த வீட்டு அக்காவே வந்து நிற்பார். ஒரே தெருவில், ஒரே குழாயில் நீர் பிடிப்பவர்கள். அந்த வீட்டிலிருந்த ஒரு கைப்பேசி, அந்தக் கடனுக்குத்தான் போயிற்று. வகுப்பு அதிலேதான் நடந்துகொண்டிருந்தது.

எல்லைக்கு அப்பால், தடாவுக்கருகே, ஸ்ரீசிட்டி என்னும் தொழிற்பேட்டை 2008இல் தொடங்கப்பெற்றது. கைப்பேசிகளைப் பொருத்தும் தொழிற்சாலை அங்கே உண்டு. விடியலில் பேருந்து வந்து ஊர் ஊராய்ப் பெண்களை ஏற்றிச் செல்லும். என் மாணவி இப்போது அந்தப் பேருந்தில் போகிறாள். கைப்பேசி போனதால் படிப்பை விட்டவள் கைப்பேசி செய்யப் போகிறாள் என்று சொன்னால் அழகாக இருக்கிறது. அதனால்தான் அந்த வரியை நான் நம்புவதில்லை. அவள் ஊதியத்தால்தான் கடன் அடைந்தது. அவளுடைய தம்பி படிக்கிறான். வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னாள். பிடித்திருக்கலாம். முடியாமல் போன பட்டம் முடியாமலேதான் இருக்கிறது.

இதைப் போன்ற கதை கடலுக்கு அப்பாலும் நடந்தது. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தபோது, மண்ணெண்ணெய் இன்றி வடபுலத்து மீனவர் படகுகள் கரையில் கிடந்தன. கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். போருக்கு அஞ்சி வந்தவர்கள், இப்போது பாலுக்கும் எரிபொருளுக்கும் அஞ்சும் தம் உறவினர்களோடு தொலைபேசியில் பேசியதை எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டனர்.

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாயிற்று. நம் இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அந்த நாடே. ஆந்திரப் பண்ணைகளில் கொள்முதல் விலையை இறக்கினர். நம் ஏரிக்கரையிலும் வியாபாரி, "அமெரிக்காவுல வரி போட்டுட்டான்" என்று சொல்லி விலையைக் குறைத்தார். அந்தக் கூடையில் இருந்த இறால் அமெரிக்கா போகிறதா, கோயம்பேட்டுக்குப் போகிறதா என்று கேட்கக் கூடையின் சொந்தக்காரருக்கு வாயில்லை, முன்பணம் வாங்கியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் தங்கம் சவரன் தொண்ணூறாயிரம் ரூபாயைக் கடந்தது. பத்திரிகைகளில் அது மகிழ்ச்சிச் செய்தியாகவும் வந்தது. மூழ்கிய நகைகள் எங்கோ அடியில் கிடந்து விலையேறுகின்றன.

கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. கடிந்துகொள்வதாக எண்ணலாகாது, நானும் உங்களில் ஒருத்தியே. நம் வட்டத்துத் தொகுப்புகளை இவ்வுரைக்காக மீண்டும் படித்துப் பார்த்தேன். பழவேற்காடு என்றதும் பூநாரை வருகிறது. சிவந்த சிறகு, நீரில் நிழல், தொலைதூரப் பயணம். பூநாரை மீது எனக்குப் பகையில்லை. அதுவும் ஏரியில் பாடுபட்டுத்தான் தின்கிறது. வறுமை என்றால் கண்ணீர்க்கடல், பசித்தீ, வறுமைக்கோடு என்னும் சொல்விளையாட்டு. பறவையும் வறுமையும் ஒரே பாட்டில் சேர முடியாதவை அல்ல. சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூது விட்டபோது, நனைந்த சுவர்க் கூரையும் பல்லியின் குரலுக்குச் செவிகொடுக்கும் மனைவியும் அந்தப் பாட்டில் இருந்தனர். அவர் பல்லியைப் பார்த்திருந்தார். நாம் பார்க்கவில்லை.

ராசம் கிருட்டிணன் அவர்கள் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று தொழிலாளரோடு பழகினார். அவருக்கு அங்கே ஆயா ஊர் இல்லை. எனக்கு இருக்கிறது. இருந்தும் நான் எழுதியது ஓர் ஆய்வேடு. அதில் நெய்தற் பூவின் வகைகளுக்கு மட்டும் பதினான்கு பக்கம். ஆகவே பிறரைக் குறைசொல்லும் தகுதி எனக்குக் குறைவே. எனினும் கேட்கிறேன்: வட்டி எவ்வளவு என்று நம் கவிதையில் யாராவது ஒருவர் கேட்கட்டும். வசூல் நாள் செவ்வாயா வெள்ளியா என்று தெரிந்து எழுதட்டும். தராசில் வியாபாரியின் விரல் எங்கே படுகிறது என்று பார்க்கட்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்படும் நாளில் நாமெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கவிதை எழுதுகிறோம். கடலுக்குப் போகலாகாது என்னும் அறிவிப்பால் அன்று பாடிழந்தவர்களும் அதே வானத்தைத்தான் பார்க்கிறார்கள். பெருமையோடுதான் பார்க்கிறார்கள், ஆனால் கரையில் நின்று பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஆயா இல்லை, வீடும் கைமாறிவிட்டது. அந்த மாணவியின் ஆயாவைத் தேடிச் சென்று பார்த்தேன். முகத்துவாரம் மணலால் அடைபடுவதையும், அடைந்தால் ஏரிக்குள் இறால் ஏறாது என்பதையும் நெடுநேரம் சொன்னார். பேத்தியைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி ஷிப்டு, தூங்குது" என்று உள்ளே கை காட்டினார். எழுப்ப வேண்டாம் என்றேன். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது; தெருவரை மணம் வந்தது. அது குழம்பா, நெருப்பில் இட்ட ஒரு துண்டா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

புறப்படும்போது செய்தித்தாளில் கொஞ்சம் கருவாடு மடித்துக் கொடுத்தார். விலை எவ்வளவு என்று கேட்டேன்.

"வெலையா? நோட்டுல எழுதிக்கிறேன், போய்ட்டு வா" என்று சிரித்தார்.

அந்தக் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.